நேரம் என்னும் அளவீடு

2003 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை மாலை 4 மணி 5 நிமிடம் 57 விநாடி. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சாமிஸ் அனல்மின் நிலையத்தையும் ஸ்டார் துணைமின் நிலையத்தையும் இணைக்கும் 345 கிலோவோல்ட் மின்பாதை தானாகத் துண்டித்துக்கொண்டது. அங்கிருந்து தொடங்கிய சரிவு அடுத்த ஏழு நிமிடங்களில் எட்டு மாநிலங்களின் பல பகுதிகளையும் கனடாவின் ஒன்டாரியோவையும் இருளில் தள்ளியது. ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட மின்னாக்கிகள் நின்றுபோயின.

காரணம் கண்டறிய இரு நாடுகளும் சேர்ந்து விசாரணைக் குழு அமைத்தன. தரவுக்குப் பஞ்சமே இல்லை. எந்த பிரேக்கர் எப்போது திறந்தது, எங்கே மின்னழுத்தம் எப்போது சரிந்தது என்று மின் நிலையங்களில் இருந்த பதிவுக் கருவிகள் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதி வைத்திருந்தன. ஒவ்வொரு வரியிலும் நேரமும் இருந்தது. ஆனால் இரண்டு நிலையங்களின் பதிவுகளை அருகருகே வைத்து எது முன், எது பின் என்று பார்க்கத் தொடங்கியதும் வேலை தடுமாறியது. பல கருவிகளின் நேரத்தை நம்ப முடியவில்லை. 2004 ஏப்ரலில் வந்த இறுதி அறிக்கை இதற்கு இரண்டு காரணங்களைச் சொன்னது. சில கணினிகள் வந்து குவிந்த செய்திகளைச் சமாளிக்க முடியாமல் பின்தங்கியிருந்தன. வேறு சில இடங்களில் கடிகாரத்தையே யாரும் தேசிய நேரத்தோடு சரிபார்க்கவில்லை. விநாடிக்குள் பல நிகழ்வுகள் நடந்த ஒரு சரிவின் வரலாற்றை எழுத, ஒவ்வொரு கருவியின் நேரத்தையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலையை முதலில் முடிக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த வட அமெரிக்க விதி, இத்தகைய பதிவுகளின் கடிகாரம் உலக நேரத்திலிருந்து 2 மில்லி விநாடிக்கு மேல் விலகக் கூடாது என்கிறது.

பதிவேடு எதுவானாலும், அது மழைமானியாக இருக்கட்டும், ஆய்வகத்து வெப்பமானியாக இருக்கட்டும், ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் அளவு. அளவு எழுதியிருக்கும் பக்கத்தை நாம் சந்தேகிக்கப் பழகியிருக்கிறோம். சென்சாரின் துல்லியம் என்ன, எப்போது அளவுதிருத்தம் செய்தார்கள் என்றெல்லாம் கேட்கிறோம். நேரத்தை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். அதுவும் ஒரு கருவி அளந்து சொன்ன எண்தான். அதற்கும் பிழை உண்டு. போதாததற்கு அந்தப் பிழை கண்ணில் படாது. வெப்பநிலை 300 டிகிரி என்று பதிவானால் யாரும் திடுக்கிடுவார்கள். பத்து நிமிடம் தள்ளிப் பதிவான சரியான வெப்பநிலை, சரியான வெப்பநிலையைப் போலவேதான் தோன்றும்.

பிழை முதலில் கடிகாரத்திலேயே தொடங்குகிறது. இன்று கைக்கடிகாரம் முதல் கணினி வரை நேரம் காட்டுவது குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு. பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் 1927இல் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினார்கள். நேரக் கடிகாரங்களில் பெரும்பாலும் இருப்பது இசைக்கவை வடிவில் செதுக்கிய மிகச் சிறு படிகம். அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். இந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்பதால், எளிய மின்சுற்றே விநாடியைப் பிரித்தெடுத்துவிடும்.

சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. கேட்க அற்பமாக இருக்கிறது. நாளுக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 52 விநாடி என்று கணக்குப் போட்டால் அற்பமாகத் தெரியாது. இதற்கு மேல் வெப்பம் வேறு. இந்தப் படிகங்கள் 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் மிக வேகமாக அதிரும்படி வெட்டப்படுகின்றன. வெப்பம் அதிலிருந்து ஏறினாலும் இறங்கினாலும் கடிகாரம் மெதுவாகும். மெதுவாகும் அளவு, வெப்ப வித்தியாசத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒவ்வொரு டிகிரியின் இருமடிக்கும் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 0.034 பங்கு என்பது வழக்கமான கணக்கு. 45 டிகிரியில் நாளுக்கு 1.2 விநாடி பின்தங்கும். மே மாத வெயிலில் மொட்டைமாடியில் வைத்த இரும்புப் பெட்டிக்குள் 60 டிகிரி ஆனால், அந்த வெப்பம் நீடிக்கும் வரை நாளொன்றுக்கு மூன்றரை விநாடி என்ற வேகத்தில் பின்தங்கும். நம் ஊர்க் கோடையில் வெளியே வைக்கும் கருவி எதற்கும் இது பொருந்தும். குளிரூட்டிய அறையில் சோதித்த கடிகாரம் வயல்வெளியில் அதே கடிகாரமாக இருக்காது.

கல்லூரி மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் நிலைமை இன்னும் மோசம். அதன் முதன்மைச் சில்லு ஓடுவது குவார்ட்ஸில் அல்ல, பீங்கான் அதிர்வியில். அதற்கு அனுமதித்த பிழை அரை சதவீதம் வரை. அந்த எல்லையில் இருக்கும் பலகை ஒரு நாளில் 7 நிமிடம் தவறும். அதன் உள்ளெண்ணியை மட்டும் நம்பி ஒரு வாரம் பதிவு செய்தால் வார இறுதியில் வித்தியாசம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். இதற்குத் தீர்வு எளிது. டிஎஸ்3231 போன்ற, வெப்பத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்தால் போதும். இயல்பான வெப்பநிலையில் ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்குள் நிற்கும். மின்சாரம் போனாலும் நாணயம் போன்ற பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். பதிவு செய்யும் திட்டம் எதிலும் இதை விருப்பத் துணைக்கருவியாகப் பட்டியலிடுவது தவறு என்பது என் கருத்து. சென்சாருக்கு நிகரான பாகம் அது.

நல்ல கடிகாரம் இருந்தாலும் நிரல் அதைக் கெடுத்துவிட முடியும். விநாடிக்கு ஓர் அளவு வேண்டுமென்று, ‘அளவு எடு, எழுது, ஆயிரம் மில்லி விநாடி காத்திரு, திரும்பச் செய்’ என்று எழுதுவது வழக்கம். படித்தால் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அளவெடுத்து எழுதவும் நேரம் பிடிக்கிறதே. அதற்கு 12 மில்லி விநாடி ஆகிறதென்றால் ஒவ்வொரு சுற்றும் 1.012 விநாடி. ஒரு நாளில் 86,400 வரிகள் வருவதற்குப் பதில் 85,375 வரிகள்தான் வரும். வரிசை எண்ணையே விநாடியாகக் கொண்டு வரைபடம் போட்டால், நாள் முடிவில் 17 நிமிடம் காணாமல் போயிருக்கும். காத்திருக்க வேண்டியது ஆயிரம் மில்லி விநாடி அல்ல. அடுத்த முழு விநாடி பிறக்கும் வரை. ‘தொடக்க நேரம் கூட்டல் சுற்று எண் பெருக்கல் இடைவெளி’ என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டு அந்த நேரம் வரும்வரை காத்திருந்தால், ஒரு சுற்றில் ஏற்பட்ட தாமதம் அடுத்த சுற்றுக்குத் தொற்றாது.

இப்படிச் சிறு பிழை சேர்ந்து சேர்ந்து பெரிதாவது எவ்வளவு கொடியது என்பதற்கு 1991 பிப்ரவரி 25ஐ விடக் கசப்பான சான்று இல்லை. வளைகுடாப் போரின்போது சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் இருந்த பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைப் பிடிக்கத் தவறியது. ஸ்கட் அமெரிக்கப் படைவீரர் குடியிருப்பில் விழுந்து 28 பேர் இறந்தார்கள். அந்த அமைப்பின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடி அலகில் முழு எண்ணாக எண்ணி, பிறகு 0.1ஆல் பெருக்கி விநாடியாக்கியது. நமக்கு 0.1 முழுமையான எண். இரும எண்முறையில் அது முடிவில்லாமல் நீளும் பின்னம். 24 இலக்கங்களில் வெட்டியபோது ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கை ஒட்டிய பிழை தங்கியது. அமைப்பு அணைக்கப்படாமல் ஏறத்தாழ 100 மணி நேரம் ஓடியிருந்தது. அதற்குள் பிழை 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. ஸ்கட்டின் வேகத்தில் அது 600 மீட்டருக்கும் அதிகமான தூரம். ரேடார் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. நீண்ட நேரம் ஓடினால் துல்லியம் குறைகிறது என்று இஸ்ரேலியர்கள் இரண்டு வாரங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26 அன்று.

நெடுநேர ஓட்டத்தில்தான் வெளிப்படும் இன்னொரு குறை, எண்ணி நிரம்பிவிடுவது. 32 இரும இலக்கங்களில் மில்லி விநாடியை எண்ணினால் 49 நாள் 17 மணி நேரத்தில் எண்ணி நிரம்பி மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். விண்டோஸ் 95, 98 கணினிகள் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் உறைந்துபோகும் குறை இதனால்தான் வந்தது. ஆர்டுயினோவின் உள்ளெண்ணிக்கும் அதே எல்லைதான். இரண்டு நாள் மட்டும் சோதித்து ஒப்படைத்த கருவியில் இது தெரிய வாய்ப்பே இல்லை.

அடுத்து, எந்தத் தருணத்தின் நேரம் அது என்ற கேள்வி. நிகழ்வு நடந்த நேரமா, சென்சார் உணர்ந்த நேரமா, கணினிக்கு வந்து சேர்ந்த நேரமா, கோப்பில் எழுதிய நேரமா? 2003 விசாரணையைத் தடுமாற வைத்ததில் பாதி இதுதான். யூஎஸ்பி வழியாக இணைத்த கருவியில் இடையிலுள்ள சில்லு, சிறு சிறு தரவுகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பும். பரவலாகப் பயன்படும் ஒரு சில்லில் இந்தக் காத்திருப்பு இயல்பாக 16 மில்லி விநாடி. இது சிறியது. இன்று பலர் செய்வதுபோல அளவுகளை மொபைல் சிக்னல் வழியாக இணையச் சேமிப்புக்கு அனுப்பி, அங்குள்ள சர்வர் போடும் நேர முத்திரையையே எடுத்துக்கொண்டால் பிழை மணிக்கணக்கில் போகும். புயல் இரவில் கோபுரம் செயலிழக்கிறது. கருவி அளவுகளைச் சேர்த்து வைத்திருந்து, விடிந்து சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்புகிறது. இரவு முழுவதும் பெய்த மழை காலை ஏழு மணிக்கு ஒரே நிமிடத்தில் பெய்ததாகப் பதிவாகிறது. நேரத்தை அளவு பிறந்த இடத்திலேயே குறிக்க வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தையும் தனிப் பத்தியில் எழுதுவது நல்லது. ஆனால் முதலாவதுக்குப் பதிலாக இரண்டாவதை வைக்கக் கூடாது.

மிகத் திறமையானவர்களையும் இது விட்டுவைத்ததில்லை. 2011 செப்டம்பரில் ஓபரா ஆய்வுக் குழு, சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு 730 கிலோமீட்டர் பயணம் செய்த நியூட்ரினோக்கள் ஒளியை விட 60 நானோ விநாடி முன்னதாக வந்ததாக அறிவித்தது. உலகமே பேசியது. ஜிபிஎஸ் நேரத்தை முதன்மைக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழையின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருந்தது பிறகு தெரியவந்தது. அதனால் நேரச் சமிக்ஞை ஏறத்தாழ 73 நானோ விநாடி தாமதித்திருக்கிறது. கடிகாரத்தின் அதிர்வியிலிருந்த இன்னொரு சிறு பிழை எதிர்த்திசையில் இழுத்திருக்கிறது. அவர்கள் முடிவை மறைக்காமல் வெளியிட்டு, தவறைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்துச் சொன்னது அறிவியலுக்குப் பெருமை சேர்ப்பது.

நில அதிர்வு ஆய்வாளர்கள் இந்தக் கவலையோடு நூறாண்டுக்கும் மேலாக வாழ்கிறார்கள். நில அதிர்வின் முதல் அலை மேலோட்டில் விநாடிக்கு 6 கிலோமீட்டரும், அதற்குக் கீழே மேல்மூடகத்தில் 8 கிலோமீட்டரும் செல்லும். பல நிலையங்களுக்கு அந்த அலை வந்த நேரங்களை வைத்துத்தான் அதிர்வின் மையம் கணிக்கப்படுகிறது. ஒரு நிலையத்தின் கடிகாரம் ஒரு விநாடி தவறினால், அதன் கணக்கில் மையம் ஆறேழு கிலோமீட்டர் நகர்ந்துவிடும். அதனால்தான் சுழலும் உருளையில் தாள் சுற்றிப் பதிவு செய்த காலத்திலேயே, ஒவ்வொரு நிமிடத்துக்கும் கோட்டில் ஒரு சிறு துள்ளல் விழும்படி கடிகாரத்தைக் கருவியோடு இணைத்தார்கள். நாள்தோறும் வானொலியில் வரும் நேரச் சமிக்ஞையோடு கடிகாரத்தை ஒப்பிட்டு, எவ்வளவு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று அந்தத் தாளிலேயே எழுதினார்கள். 1960களில் உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே மாதிரிக் கருவிகளை நிறுவியபோது, அவற்றோடு ஒரே மாதிரிக் குவார்ட்ஸ் கடிகாரங்களையும் சேர்த்தே கொடுத்தார்கள். நம் கொடைக்கானல் அந்தப் பின்னலில் ஒரு நிலையம்.

கடிகாரத்தைத் தட்டித் திருத்தாமல், பிழையை அருகில் எழுதி வைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய பழக்கம். இன்று நாம் கணினியில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். இணையத்தில் இணைந்த கணினி, டேவிட் மில்ஸ் 1980களில் வடிவமைத்த வலைநேர நெறிமுறையின்படி தன் கடிகாரத்தைச் சர்வரோடு ஒப்பிட்டுக்கொள்கிறது. கேள்வி போய்ப் பதில் வர ஆன நேரத்தைப் பாதியாக்கி, ஒருவழிப் பயண நேரமாக எடுத்துக்கொள்வது அதன் அடிப்படை. போகும் வழியும் வரும் வழியும் சமமாக இருந்தால் கணக்குச் சரி. போக 60 மில்லி விநாடி, வர 20 என்றால் கணக்கில் 20 மில்லி விநாடி பிழை நிற்கும். அதை எத்தனை முறை கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலான வேலைகளுக்கு இந்தத் துல்லியம் தாராளம். ஆபத்து திருத்தும் முறையில் இருக்கிறது. பிழை சிறிதானால் கடிகாரத்தின் வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார்கள். பெரிதானால் ஒரே தாவல். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது கடிகாரம் நான்கு விநாடி பின்னே தாவினால், ஒரே நேர முத்திரையோடு இரண்டு அளவுகள் வரும். நிரல் கணக்கிடும் இடைவெளி எதிர்மறை எண்ணாகும். இதற்காகவே கணினிகளில் பின்னோக்கிப் போகாத இன்னொரு எண்ணியும் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆனது என்பதை அதில் அளக்க வேண்டும். மணி என்ன என்பதை மட்டும் சுவர்க் கடிகாரத்திடம் கேட்கலாம்.

கடலடியில் நில அதிர்வு பதிவு செய்பவர்களுக்கு இணையமும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. அந்த ரேடியோ அலைகள் கடல்நீரைத் துளைக்காது. அவர்கள் கப்பல் தளத்தில் கருவியின் கடிகாரத்தை ஜிபிஎஸ்ஸோடு பொருத்தி, கடலில் இறக்குகிறார்கள். மாதங்கள் கழித்து எடுத்தவுடன், கருவியை அணைக்கும் முன் மறுபடியும் ஒப்பிடுகிறார்கள். இடைப்பட்ட காலத்தில் சேர்ந்த விலகலை நாள்வாரியாகப் பங்கிட்டுப் பதிவு முழுவதையும் திருத்துகிறார்கள். ஆழ்கடலில் வெப்பநிலை ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், கடிகாரம் சீராக விலகியது என்று கொள்வது அங்கே பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பணம் செலவில்லாத முறை இது. யாரும் பின்பற்றலாம். ஆனால் பகலில் கொதித்து இரவில் தணியும் நிலத்துக் கருவிக்கு, இரண்டு ஒப்பீடுகள் போதாது. போய்ப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டு எழுத வேண்டும்.

மின்வலையில் வேண்டியிருப்பது இதைவிடப் பன்மடங்கு நுட்பம். 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் ஓர் அலை முடிய 20 மில்லி விநாடி. இரண்டு ஊர்களின் மின்னழுத்த அலைகள் எவ்வளவு கோணம் விலகியிருக்கின்றன என்பதை வைத்து மின்வலையின் உடல்நலத்தைச் சொல்லலாம். ஆனால் கடிகாரங்கள் ஒரு மில்லி விநாடி வேறுபட்டாலே 18 டிகிரி பொய்க்கோணம் தெரியும். ஒரு மைக்ரோ விநாடிக்குள் வைத்திருந்தால் பிழை 0.018 டிகிரிதான். ஜிபிஎஸ் வந்த பிறகே இது கைகூடியது. குவாலியரில் பிறந்த அருண் பட்கேயும் ஜேம்ஸ் தார்ப்பும் 1988இல் வர்ஜீனியா டெக்கில் உருவாக்கிய கருவி இதைத்தான் செய்தது. இன்று இந்திய மின்வலையிலும் அவ்வகைக் கருவிகள் இயங்குகின்றன.

கடிகாரம் சரி, தருணம் சரி என்றாலும், எழுதிய நேரத்துக்கு என்ன பொருள் என்பது மீதமிருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது. உலக நேரத்தில் அது 3 மணி. 2015 டிசம்பர் 1 இரவில் சென்னையை மூழ்கடித்த மழை, துறையின் ஏட்டில் டிசம்பர் 2இன் கணக்கில் இருப்பது இதனால்தான். தவறு ஒன்றுமில்லை, முடியும் நாளைப் பெயராக வைப்பது அவர்கள் முறை. ஆனால் அதை அறியாமல், நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கிடும் ஏரி நீர்மட்டப் பதிவோடு அந்த மழையை ஒப்பிட்டால், ஏரி நிரம்பிய பிறகு மழை பெய்ததாக வரும். பதினைந்து நிமிடச் சராசரி ஒன்றுக்கு 10.15 என்று எழுதியிருந்தால், அது 10.15இல் தொடங்கியதா, முடிந்ததா? எழுதியவரிடம் கேட்காமல் சொல்ல முடியாது.

எந்த நாட்டு நேரம், எந்தக் காலத்து நேரம் என்பதும் அப்படியே. 1906 ஜனவரி 1இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முந்தைய ரயில்வே ஏடுகள் மெட்ராஸ் நேரத்தில் இருக்கும். அது இன்றைய நேரத்தை விட ஏறத்தாழ 9 நிமிடம் பின்னால். இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தன. இலங்கை 1996 மே 25இல் நேரத்தை ஒரு மணி முன்னே நகர்த்தியது. அதே அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15இல் உலக நேரத்தை விட ஐந்தரை மணி முன்னே இருக்கும் பழைய நேரத்துக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்காததால், பத்தாண்டுக்கு அருகில் ஒரே தீவில் இரண்டு நேரங்கள் ஓடின. அந்த ஆண்டுகளின் மழை, நோய், மின்சாரம் பற்றிய மணிவாரிப் பதிவு எதையாவது கையாள்பவர் முதலில் கேட்க வேண்டியது, இது எந்த நேரம் என்பதைத்தான். பதிவை ஒருங்கிணைந்த உலக நேரத்தில் எழுதி, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்கினால் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் எழவே மாட்டா.

உலக நேரத்திலும் ஒரு முடிச்சு உண்டு. புவியின் சுழற்சியோடு ஒத்துப்போக 1972 முதல் இதுவரை 27 முறை ஒரு விநாடி கூட்டப்பட்டிருக்கிறது. கடைசியாகக் கூட்டியது 2016 முடிவில். இந்திய நேரப்படி 2017 ஜனவரி 1 காலை 5.30க்கு முந்தைய நிமிடத்துக்கு 61 விநாடிகள். ஜிபிஎஸ், தான் தொடங்கிய பிறகு கூட்டப்பட்ட விநாடிகளைத் தன் உள்நேரத்தில் சேர்ப்பதில்லை. அதனால் அது உலக நேரத்தை விட 18 விநாடி முன்னே ஓடுகிறது. மலிவான ஜிபிஎஸ் கருவி சில, சக்தி கொடுத்ததும் முதல் சில நிமிடங்கள் பழைய திருத்தத்தோடு நேரம் சொல்லிவிட்டு, பிறகு தாவும்.

கடைசியில் எல்லாம் வரைபடத்துக்கு வருகிறது. பலரும் எக்செல்லில் கோட்டு வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வகை, நேரத்தை வெறும் பெயர்ச்சீட்டாக எடுத்துக்கொண்டு எல்லாப் புள்ளிகளையும் சம இடைவெளியில் வைக்கக்கூடியது. நிமிடத்துக்கு ஒன்றாக வந்த அளவுகளுக்கு நடுவே மூன்று மணி நேர மின்வெட்டு இருந்தால், அந்த மூன்று மணி நேரமும் ஒரு நிமிட அகலத்துக்குள் மறைந்துவிடும். மெல்ல ஏறிய நீர்மட்டம் செங்குத்தாகத் தாவியதுபோல் தெரியும். அச்சைத் தேதி அச்சாக மாற்றினாலும் பயனில்லை. அதன் மிகச் சிறிய அலகு ஒரு நாள், ஆகவே ஒரு நாளின் எல்லா அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். நேரத்தை உண்மையான எண்ணாக மதித்து அதனதன் இடத்தில் புள்ளி வைப்பது சிதறல் வரைபடம்தான். அளவு எடுக்காத இடைவெளியில் கோட்டை இழுக்காமல் வெறுமையாக விடுவதும் முக்கியம். அங்கே இழுக்கும் கோடு, நாம் அளக்காத ஒன்றை அளந்ததாகச் சொல்கிறது.

நம் ஊர்களில் இப்போது மழைமானி, காற்றுத்தர மானி, கிணற்று நீர்மட்ட மானி என்று மாணவர்களும் ஆசிரியர்களும் விவசாயிகளும் தாங்களாகவே கருவி செய்து வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும் நிறுவனங்கள் எட்டாத இடங்களின் அளவு இவர்களிடமிருந்துதான் வரப்போகிறது. மேல்மடையில் ஒருவர் வைத்த மழைமானி 20 நிமிடம் பிந்தியும், கீழ்மடையில் இன்னொருவர் வைத்த நீர்மட்ட மானி 20 நிமிடம் முந்தியும் ஓடினால், வெள்ளம் வந்து சேர 40 நிமிடம் கூடுதலாக இருப்பதாகக் கணக்கு வரும். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு அந்த 40 நிமிடம் கிடைக்காது. ஆகவே கருவி வைக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். கோப்பின் முதல் வரிகளில் இவற்றை எழுதி வையுங்கள்: எந்தக் கடிகாரம், அதைக் கடைசியாக எதனோடு எப்போது ஒப்பிட்டீர்கள், எவ்வளவு விலகியிருந்தது, நேரம் உலக நேரமா இந்திய நேரமா, குறித்திருப்பது இடைவெளியின் தொடக்கமா முடிவா. ஒப்பிட வேறெங்கும் போக வேண்டாம். இந்தியப் பொது நேரத்தை அணுக் கடிகாரங்களால் காத்துவரும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் அதை இணையம் வழியாகவே தருகிறது. அடுத்த முறை பேட்டரி மாற்றப் போகும்போது, கருவியை அணைக்கும் முன் அதன் நேரத்தையும் உங்கள் கைப்பேசி நேரத்தையும் ஒருசேரக் குறித்துக்கொள்ளுங்கள்.